பாலைவனத்து மானும் என் தங்கச்சியும்

என் தங்கச்சி கிருஷாந்திக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னுதான் அன்னிக்கு நெனச்சேன். லிந்துலைத் தேயிலத் தோட்டத்துல என்னோட கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தவ. புருசன் விட்டுட்டுப் போனதும், பால்குடி மறக்காத புள்ளய எங்கிட்ட குடுத்துட்டு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனா. பாஸ்போட்ட மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டான். அவன் மனசு வச்சாத்தான் ஊரு திரும்பலாம்.

போன கொஞ்ச நாள்லயே அந்த வீட்டு ஆம்பளைங்க பாலைவனத்துல கூடாரம் போட்டு, சமைக்க இவளையும் கூட்டிட்டுப் போனாங்க.

"வெறும் மணலுன்னு நெனச்சேன்க்கா"ன்னு போன்ல சொல்லுவா. "நீட்டுக் காது நரி, முள்ளு வாலு உடும்பு, கோழியாட்டம் ஓடுற பெரிய பறவ, எல்லாம் இருக்கு. இவனுங்க ஒண்ணயும் விடமாட்டானுங்க. பொந்துல தண்ணி ஊத்தி உடும்பப் புடிக்கிறானுங்க. மான ஜீப்புல வெரட்டியே நாக்குத் தள்ள வச்சிடுறானுங்க."

"ஒனக்கென்னடி, ஆக்கிப் போட்டுட்டு சும்மா கெட"ன்னேன்.

ஒரு மத்தியானம் கூப்பிட்டா. நான் மலையில, முதுகுல கொழுந்தோட நின்னேன். குரல் குசுகுசுன்னு வந்திச்சு. "பொட்ட மான் ஒண்ண உசுரோட கட்டிப் போட்டிருக்கானுங்கக்கா. சாயங்காலம் அறுப்பானுங்க. இப்ப எல்லாரும் தூங்குறானுங்க. எங்கையில கத்தி இருக்கு."

கூடையக் கீழ எறக்கி வச்சேன். "அடிப் பாவி, ஒன்னக் கொன்னு மணல்ல போட்டாலும் கேக்க நாதியில்ல. ஒம் புள்ளய நெனச்சுப் பாருடி."

"அதத்தான்க்கா நெனக்கிறேன்."

அப்புறம் காத்துச் சத்தம். ஒரு ஆம்பள கத்துனான். போன் கட்டாயிருச்சு.

அதோட ஒரு தகவலும் இல்ல. அவள அனுப்பி வச்ச ஏஜென்சிக்காரன் தெரியாதுன்னு கைய விரிச்சான். தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல புள்ளய விட்டுட்டு வேலைக்குப் போறப்ப, அது மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்திச்சு.

பல மாசங்கழிச்சு ஒரு நாள் பஸ்ஸுலருந்து வெறுங்கையோட எறங்குனா. கன்னத்துல தழும்பு. கட்ட அறுத்து மான ஓட விட்டதுக்கு, மொதலாளி அடிச்சு, பூட்டி வச்சு, கடைசியில பிளேன்ல ஏத்தி விட்டுட்டானாம். எனக்குச் சந்தோசத்த விட ஆத்திரந்தான் முந்துச்சு. லயத்து வரிச வீட்டுச் சனம் அம்புட்டும் பாக்க, வாய்க்கு வந்தபடி ஏசுனேன். "ஒரு மானுக்காகவாடி?"

"அதோட மடியிலருந்து பால் சொட்டிக்கிட்டே இருந்திச்சுக்கா"ன்னா. "எங்கேயோ குட்டிய ஒளிச்சு வச்சிருக்கு. காலையில கொழுந்த அப்படியே வச்சிட்டுப் புள்ளக்காம்பராவுக்குப் பால் குடுக்க ஓடுவோமே, கங்காணிகூட தடுக்க மாட்டாரே. இவனுங்க கட்டிப் போட்டுட்டுத் தூங்குறானுங்க."

புள்ளயத் தூக்கி அவ மடியில வச்சேன். ஆள் தெரியாம அலறிக்கிட்டு எங்கிட்டயே தாவுச்சு. கிருஷாந்தி அழல. சேலய இழுத்து மாரை மூடிக்கிட்டா.

"அந்தக் குட்டியாவது குடிச்சிருக்கும்க்கா"ன்னா.