பத்துச்சீட்டைத் தடுக்கப் போன அங்கம்மா

நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற அங்கம்மாவுக்கு இரண்டு வருஷமாக இன்னொரு பெயரும் இருந்தது. கெம்பஸ் அம்மா. அந்த டிவிஷனிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளையைப் பெற்றவள் என்பதால் வந்த பட்டம் அது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணிகூட, "என்ன கெம்பஸ் அம்மா, இன்னைக்கும் பிந்தியாச்சா?" என்றுதான் அதட்டுவார். "போதும் போங்க, நக்கலு" என்று அவள் சலித்துக்கொள்வாள். உள்ளுக்குள் என்ன குளிர்ச்சி என்கிறீர்கள்! பெற்றவளுக்கு இருக்காதா பின்னே?

அந்தக் குளிர்ச்சியில்தான் மண் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் கிடைக்கிற மாரியம்மன் கோயில் மேட்டில் நின்று போனைக் காதில் வைத்தபோது மகள் சுதர்ஷினி சொன்னாள்: "அம்மா, பதறாம கேளு. நான் இந்தக் கெம்பஸ விட்டுட்டு வேற எடத்துக்குப் போகப்போறேன். அமெரிக்காவுல ஒரு சின்னக் காலேஜ். ஆயிரம் பேரு கேட்டா பத்துப் பேரத்தான் எடுப்பாங்க. என்னய எடுத்திருக்காங்க. செலவெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க."

"சின்னதுன்னா எவ்வளவு சின்னது?"

"இங்க எங்க பேக்கல்டியில இருக்கிற ஆளுல பாதிகூட அங்க மொத்தக் காலேஜுலயும் இல்லம்மா."

அங்கம்மாவுக்கு அங்கேயே தலை சுற்றியது. சின்னப் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்குத் தெரியாதா? மழை பெய்தால் ஒழுகும், கணக்குக்கு டீச்சர் இருக்க மாட்டார், தமிழ் டீச்சரே விளையாட்டும் பார்ப்பார். பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பசறைக்கும் பதுளைக்கும் ஓடுவதே பெரிய பள்ளிக்கூடத்துக்காகத்தானே! பெரியதிலிருந்து சின்னதுக்கு எவராவது போவார்களா?

"அங்க போயி என்ன படிப்ப? டீச்சருக்கா?"

"மொதல்ல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கணும். கணக்கு, சரித்திரம், சித்திரம், விஞ்ஞானம். எது புடிக்குதுன்னு அப்புறமா நானே முடிவு பண்ணிக்கலாம்."

அடக் கடவுளே, இது ஆறாம் ஆண்டுப் பாடமல்லவா!

"வெலகுறேன்னு இங்க எழுதிக் குடுத்திருக்கேன். வெள்ளிக்கிழம எனக்குக் கடிதம் தந்துருவாங்க. அதுக்கப்புறம் இங்க எனக்கு எடமில்ல. திரும்பி வரணும்னாலும் முடியாது." பிறகு கேட்டாள்: "நீ என்னம்மா சொல்ற?"

அவள் ஏதும் சொல்வதற்கு முன்னால் சிக்னல் போய்விட்டது.

கடிதம் தருவார்கள், அப்புறம் இடமில்லை, திரும்பி வர முடியாது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பத்துச்சீட்டு. தோட்டத்துத் துரையோடு சண்டை போட்டவனுக்குக் கொடுப்பது. கையில் வாங்கினால் வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. அங்கம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது அவள் அப்பாவுக்குக் கிடைத்தது. சட்டி பானையோடு அடை மழையில் அவர்கள் இந்தத் தோட்டத்துக்கு நடந்து வந்ததை அவள் மறக்கவில்லை. தானாகக் கேட்டுப் பத்துச்சீட்டு வாங்கின ஒருத்தரையும் அவள் பார்த்ததில்லை.

பக்கத்துக் காம்பரா நல்லம்மாவும் அதையே சொன்னாள். "கெடச்ச கெம்பஸ எந்தப் புள்ளயாவது விடுமா? என்னமோ ஆகிப்போச்சு, ஒன்கிட்ட மறைக்குது." கொழும்பில் கடைச்சிப்பந்தியாக இருக்கிற புருஷனிடம் கேட்டால், எப்போதும்போல "நீயே பாத்துக்க" என்றார். நல்ல மனுஷன்!

தோட்டத்தில் பத்துச்சீட்டு வந்தால் என்ன செய்வார்கள்? தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள். அங்கம்மாவும் அதைத்தான் செய்தாள். தலைவர் ஜெயகுமார் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "துரைமாருகிட்டயே பேசுறோம் அக்கா, கெம்பஸ் என்ன பெரிய கெம்பஸ்?" என்று பஸ் முழுக்க வீராப்புப் பேசினார். வியாழக்கிழமை உச்சி வெயிலில் போய் இறங்கினார்கள்.

அடேயப்பா, அது என்ன இடம்! பார்த்த பக்கமெல்லாம் கட்டடம், பசறைச் சந்தையைப் போலக் கூட்டம். கேட்டுக் கேட்டுப் போய், பதிவாளர் அலுவலகத்தில் இரகுநாதன் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரியின் முன்னால் நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, புள்ள தப்புச் செஞ்சிருந்தா மொதல்ல எச்சரிக்கணும். அப்புறம் விசாரிக்கணும். நேரா பத்துச்சீட்டக் குடுக்கிறது என்ன நியாயம்?"

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பத்துச்சீட்டோ? அதென்னது? முதல்ல இருங்கோ. பிள்ளையின்ர பேரென்ன, நம்பர் என்ன?"

பேர் இருந்தது. நம்பர் யாருக்குத் தெரியும்? மகளின் பேக்கல்டியிலிருந்து கையெழுத்து வாங்க வந்திருந்த விரிவுரையாளர் ஆர்த்திகாவிடம் இரகுநாதன் கேட்டார். அவரும் பாவம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"சுதர்ஷினி எண்டு நாலைஞ்சு பேர் இருக்கினம் அம்மா. எந்தப் பிள்ளையெண்டு எனக்கு விளங்கேல்லை."

"பதுளைங்க. நமுனுகுல. ஒல்லியா இருக்கும், நல்லாப் பேசும். பேச்சுப் போட்டியில எல்லாம் மொதலாவது வருங்க."

ஆர்த்திகா சங்கடத்தோடு தலையை அசைத்தார். அங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு தோட்டமே இந்தக் கெம்பஸின் பேரால் அவளைக் கூப்பிடுகிறது. இங்கே பிள்ளையின் முகம் ஒருத்தருக்கும் தெரியவில்லையே!

ஊர்ப்பேரை வைத்து இரகுநாதன் கோப்பைத் தேடி எடுத்துவிட்டார். "அம்மா, ஒருத்தரும் உங்கட மகளைக் கலைக்கேல்லை. அவதான் விலகக் கேட்டிருக்கிறா." போன் போட்டு சுதர்ஷினியையும் வரச் சொன்னார்.

ஓடி வந்தவள் அம்மாவையும் தலைவரையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ அம்மா, தலைவரையா கூட்டிட்டு வந்த?"

"பின்னே? ஒனக்கு இங்க என்னடி கொறைச்சல்?"

"கொறைச்சல் இல்லம்மா. இங்க நான் கடைசி வாங்குல உக்காந்து எழுதிட்டுப் போறேன். வந்தாலும் யாருக்கும் தெரியாது, வராட்டியும் தெரியாது. அந்தக் காலேஜுக்காரங்க என்கிட்ட வீடியோல ஒரு மணித்தியாலம் பேசினாங்க. நான் சொன்னதுக்கெல்லாம் எதுத்துக் கேள்வி கேட்டாங்கம்மா. என்னய யாரும் அப்படிக் கேட்டதில்ல."

கேள்வி கேட்டதற்காக ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போகுமா? அங்கம்மாவுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவேயில்லை.

"பிள்ளை, கடிதம் இன்னும் கையெழுத்தாகேல்லை," என்றார் இரகுநாதன். "இப்ப வேண்டாமெண்டா நான் கிழிச்சுப்போடுவன். நாளைக்கெண்டா ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

சுதர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்தாள். "நீ சொல்லும்மா. எப்படியும் நீ வேணாம்னு மறிச்சிருவன்னு நம்பித்தான் எழுதியே குடுத்தேன். நீ மறிச்சா நின்னுருவேன். போனா சரியா, நின்னா சரியா, எனக்கே தெரியல. பயமா இருக்கும்மா."

"கேட்டுக்கிட்டீங்களாய்யா! புள்ள போகல!" என்று துள்ளினார் தலைவர்.

"சும்மா இருங்க தலைவரே."

வேணாம். ஒரே சொல். சொன்னால் பிள்ளை இங்கேயே இருக்கும், லீவுக்கு வீட்டுக்கு வரும், படித்து முடித்து டீச்சராகிப் பதுளையிலேயே வேலை பார்க்கும். சொல் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. ஆர்த்திகா இன்னும் சுதர்ஷினியின் முகத்தையே பார்த்து, எந்த வகுப்பில் கண்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அங்கம்மா வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"போ," என்றாள்.

"அம்மா..."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலடி. அந்தக் காலேஜும் வெளங்கல, கொஞ்சம் கொஞ்சமாப் படிக்கிற படிப்பும் வெளங்கல. ஆனா ரெண்டு பேரும் கொழம்பிக்கிட்டு இருந்தா ஆகாது. கொழப்பத்த என்கிட்ட குடுத்துட்டு நீ போ."

சுதர்ஷினி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். அங்கம்மா அழவில்லை. இரகுநாதனைப் பார்த்து, "எழுதிக் குடுத்துருங்க ஐயா" என்று தெளிவாகச் சொன்னாள். மகளை விடுதி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

திரும்புகிற பஸ்ஸில், பதுளைக்கு ஏறுகிற வளைவுகள் தொடங்கின பிறகுதான் தலைவர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நாம ஜெயிச்சமா, தோத்தமா?"

"தெரியல தலைவரே," என்றாள் அங்கம்மா. "எனக்கு எம்புள்ள வேணும்." பஸ் நிறைந்த ஆட்களுக்கு நடுவே வாய்விட்டு அழத் தொடங்கினாள்.