எந்த ஒன்றியம்?

என் வீட்டுக்காரர் வெல்டராகப் போன நாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதற்காக வாசலில் காத்து நின்றது. சேர்ந்துவிட்டால் பெரிய தொழிற்சாலை கட்டி, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள விசாவும் எடுத்துத் தருவோம் என்று அவருடைய கம்பெனி சொல்லியிருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு முப்பத்தொன்பது வயது. ரெண்டு பேரும் ஒரு வருசமாவது சேர்ந்திருந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். பத்து நாள் லீவில் வருகிறவரோடு என்ன வைத்தியம் பார்க்க? அந்த விசாவைத்தான் நம்பிக் கிடந்தேன்.

அங்கே தேர்தல் வந்தது. ஒன்றியமே வேண்டாம் என்ற கட்சி ஜெயித்து, வந்த வேகத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. கம்பெனி தொழிற்சாலையைக் கைவிட்டது, விசாவும் போயிற்று. சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறவள் நான். பேர்கூட வாயில் நுழையாத அந்தக் கட்சியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"ஒன்றியத்துல சேரலையாம் மாமா, அதான் விசா நின்னுபோச்சு" என்று மாமனாரிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் காலையில் வெளுத்த வேட்டி கட்டி, மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறிவிட்டார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு!

மதியம் நேரே கடைக்கு வந்தார். "அங்கன ஒரு அண்ணாச்சி நல்லாத்தான் பேசுனாரு. இது அந்த ஒன்றியம் இல்லையாம்லா."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாவி, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அப்போ அந்த ஒன்றியத்துக்கு ஒரு மனு அடிச்சுத் தா தாயி. நான் கொண்டு போறேன்."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் போனில் பேசினார். "இந்த ஆட்சி என்ன சாசுவதமா? அடுத்த எலெக்சன்ல மாறிரும்ட்டி. நாலே வருசம்."

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருங்க."

"இங்கன வேலையாவது இருக்கு. அங்க வந்து என்ன செய்ய?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாலு வருசத்துல எனக்கு நாப்பத்திமூணு. அந்த நாடு சேரட்டும், சேராமப் போகட்டும். அப்போ விசா எடுத்து என்னைய எதுக்குக் கூப்பிடுவிய?"

அவர் அழுதார். "சீ, அழாதிய" என்று அதட்டினேன். எங்களுக்கு இனிப் பிள்ளை கிடையாது என்று அன்றைக்குத்தான் ரெண்டு பேருக்கும் தெரிந்தது.