ஒரே ஒருவர் இருந்த குழு

குளியலறைத் தரைக்கு டைல்ஸ் வரிசை வரைகிறவராகத்தான் அவர் இருபது ஆண்டுகள் இருந்தார். கடையின் மாடியில் ஒரு மேசை, கட்டம் போட்ட நோட்டு, ஆறு வண்ணப் பென்சில்கள். அறையின் அளவைச் சொன்னால் எந்த டைல் முழுதாக வரும், எது வெட்டுப்படும் என்று வரைந்து கொடுப்பார். வேலை சுத்தமாக இருக்கும்; அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தன் குளியலறைத் தரையைப் பார்த்து யாரும் வியந்து நின்றதாகத் தகவல் இல்லை.

அவருடைய நாற்பத்து நான்காம் வயதில் ஒரு வாடிக்கையாளர் அந்த நோட்டை நெடுநேரம் புரட்டிக்கொண்டு நின்றார். மொபைல் விளையாட்டு தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் முதலாளி.

“இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட மாட்டீங்களா?”

“பென்சில்ல போட்டா தப்பு முன்னாடியே தெரிஞ்சிடும் சார்.”

“எங்க ஆபீஸ்ல தப்பு பின்னாடிதான் தெரியுது. வந்துடுங்க.”

அப்படித்தான் வந்து சேர்ந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேலே இரண்டாம் மாடியில் அலுவலகம், ஒன்பது பேர். எல்லோரும் அவருடைய வயதில் பாதி. முதல் வாரமே அவருக்குக் ‘கட்டம் அண்ணா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய விளையாட்டு எளிமையானது. திரையில் பழங்கள் கட்டம் கட்டமாக நிற்கும். பக்கத்துப் பக்கத்துப் பழங்களை விரலால் இடம் மாற்றி, ஒரே வகை மூன்றை வரிசையில் சேர்த்தால் அவை உடையும். ஒட்டியிருக்கும் கல்லும் உடையும். கொடுத்திருக்கும் நகர்த்தல்களுக்குள் எல்லாக் கல்லையும் உடைத்தால் அடுத்த லெவல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, பத்துப் புதிய லெவல்கள் வெளியாகும். அவற்றை வரைவது அவர் வேலை.

அந்தத் தொழிலில் ஒரு கணிப்பு உண்டு. சாதாரண ஆள் ஒரு லெவலை மூன்றாவது முயற்சியில் தாண்ட வேண்டும். முதல் முயற்சியிலேயே தாண்டினால் சலிப்பு வரும். பத்து முயற்சியிலும் முடியாவிட்டால் கோபம் வரும். மூன்று என்றால், தோற்றவர் கொஞ்சம் நிற்பார். ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஐந்து நகர்த்தல்கள் கூடுதலாக வாங்கிக்கொள்வார். நிறுவனம் பிழைப்பது அவர் அப்படி நிற்கும் நேரத்தில். தோல்வியை அளந்து ஊற்றுவது என்று அந்த வேலையைச் சொல்லலாம்.

லெவலை வெளியிடும் முன் அலுவலகத்துப் பிள்ளைகள் ஆடிப் பார்ப்பது வழக்கம். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. “நீங்க ஆடுறது வித்தை காட்டுற மாதிரி இருக்கு. பஸ்ல ஒரு கையில கம்பியப் புடிச்சிட்டு ஆடுறவங்களுக்கு இது சரிப்படாது” என்று சொல்லிவிட்டு, சோதனைப் போனை வீட்டுக்கு எடுத்துப் போனார். வீட்டில் மனைவி ஆடினாள்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடியின் காதுகளை இணைக்கும் எள்ளளவு திருகாணிகளைக் குனிந்து பார்க்காமலே முடுக்குவாள். மாலையில் வந்து காபி குடித்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, “இன்னைக்கு எத்தன கல்லு போட்டு வெச்சிருக்கீங்க, மனுஷா?” என்பாள். அவர் எதிரே நோட்டைத் திறந்து வைத்திருப்பார். அதில் நான்கு பத்திகள்: லெவல் எண், நகர்த்தல், கல், வீடு. நான்காவதில் அவள் எத்தனையாவது முயற்சியில் தாண்டினாள் என்று எழுதுவார். மூன்று என்றால் லெவல் சரி. ஐந்து என்றால், ஐந்தை அடித்துவிட்டு இரண்டு கல்லை எடுத்து மறுபடியும் கொடுப்பார். மூன்று வந்ததும் எழுதி மூடுவார்.

முதல் இரண்டு ஆண்டு அந்த முறை நன்றாகவே நடந்தது. விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தார் வாராவாரம் பேசும்போது, லெவல்கள் சீராக இருப்பதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மனைவியின் கையிலிருந்து திருகாணி நழுவியது. பிறகு தினமும் நழுவியது. வலது கட்டைவிரல் சும்மா இருக்கும்போதும் எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. “நரம்பு சம்பந்தப்பட்டது. மாத்திரையில கட்டுப்படும், மெதுவாத்தான் போகும்” என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் கேட்பார்: “எப்படி இருக்கு? கூடியிருக்கா?” இருவரும் ஒன்றாகச் சொல்வார்கள்: “அப்படியேதான் இருக்கு டாக்டர்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஒன்று மாறுவதைக் கண் ஒத்துக்கொள்வதில்லை; கண்ணுக்கு உரியவன் விரும்பாதபோது இன்னும் கஷ்டம்.

அந்த நாட்களில் லெவல்கள் முரடாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தன் கைதான் தவறுகிறது என்று நினைத்தார். மனைவி ஏழு முறை தோற்றால், “இது கொஞ்சம் அநியாயமா இருக்கு, குடு” என்று வாங்கிக் கல்லை எடுப்பார். அவளும், “ஆமாங்க, அநியாயம்தான்” என்பாள்.

அலுவலகத்தில் ஆடுகிறவர்களின் எண்ணிக்கைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு பெண் இருந்தாள். எதைக் கேட்டாலும் வரைபடமாகக் காட்டுவாள் என்பதால் அவளுக்குக் ‘கிராஃப்’ என்று பெயர். ஒரு நாள் காலையில் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

“அண்ணா, ஒரு நிமிஷம். திட்ட மாட்டீங்களே?”

“திட்டுற அளவுக்கு என்னம்மா பண்ணின?”

“நான் பண்ணல. நீங்கதான் பண்ணியிருக்கீங்க.” திரையைத் திருப்பினாள். “ஒவ்வொரு லெவலுக்கும் ஜனங்க எத்தன தடவ முயற்சி பண்றாங்கன்னு பாருங்க. மொத ரெண்டு வருஷம் மேசை மாதிரி தட்டையா போகுது. மூணு, மூணு, மூணு. இங்க, போன வருஷம் மார்ச்ல, ஒரு படி எறங்குது. ஆகஸ்ட்ல இன்னொரு படி. இந்த ஜனவரில உருண்டே விழுந்துடுச்சு. இப்ப எல்லாரும் மொத தடவையிலயே தாண்டிட்டு, வேற வேலை இல்லாம போயிடறாங்க. மார்ச்ல என்னத்த மாத்தினீங்க?”

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். மார்ச்சில் மனைவி கண்ணாடிக் கடை வேலையை விட்டாள். கடை தூரம் என்று சொன்னாள். ஆகஸ்டில் சடை பின்னுவதை விட்டுக் கூந்தலைக் கிளிப்பில் அடக்கத் தொடங்கினாள். அதுதான் சுலபம் என்றாள். ஜனவரியில் மூடியும் இரண்டு கைப்பிடியும் வைத்த குவளை ஒன்று வாங்கினார்கள். நிறம் அழகாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு காரணம் இருந்தது. கோட்டுக்குக் காரணம் எதுவும் தெரியாது. அது இறங்கிக்கொண்டே போனது.

“ஒண்ணும் மாத்தலம்மா. வீட்ல என் மனைவி ஆடிப் பாப்பா. அவ மூணுல தாண்டினா சரின்னு விட்டுடுவேன்.”

கிராஃப் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “அக்காவுக்கு அந்தக் கை நடுக்கம் கூடியிருக்கா அண்ணா?” என்றாள்.

“ஆமா போலருக்கு” என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

முதலாளி கோபப்படவில்லை. “ஒரே ஆள வெச்சு உலகத்தையே அளந்துட்டீங்களே” என்று மட்டும் சொன்னார். முன்பின் தெரியாத நாற்பது பேரைக் கொண்டு லெவல்களைச் சோதிக்க ஏற்பாடாயிற்று. எடுத்த கற்களைத் திரும்ப வைக்கும் வேலை அவருக்கே வந்தது.

வீட்டில் அவர் வரைபடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆபீஸில் புதுச் சோதனை முறை வந்துவிட்டது என்றார்.

“அப்ப என்னை வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்களா? ஒரு நோட்டீஸ் கூட குடுக்காம?” என்று மனைவி சிரித்தாள். “சரி விடுங்க. இனிமே எல்லாரையும் போல வியாழக்கிழமை என் போன்லயே ஆடிக்கறேன்.”

அவர் பயந்தது அதற்குத்தான். உண்மையான லெவல் ஒன்று கைக்கு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் கிராஃபிடம் போய் நின்றார். சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

“ஆடறவங்கள வயசு, ஊரு, போன் வகைன்னு குழு குழுவா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கல்லு எண்ணிக்கைய வேற வேறயா குடுக்கறோம்ல? ஒரு குழுவுல குறைஞ்சது எத்தன பேர் இருக்கணும்னு எங்கயும் எழுதி வெக்கல அண்ணா.”

மனைவியின் கணக்கைப் புதிய லெவல்கள் தொடங்கும் இடத்துக்கு நகர்த்தி, தனிக் குழுவில் சேர்த்தாள். கம்ப்யூட்டர் குழுவுக்குப் பெயர் கேட்டது. “வீடுன்னு போடு” என்றார். திரையில் வந்தது: குழு, வீடு. உறுப்பினர், 1.

ஐந்து வாரம் எல்லாம் சரியாக இருந்தது. மனைவி வியாழன் தோறும் ஆடினாள். மூன்றாவது, நான்காவது முயற்சியில் தாண்டினாள். “கை கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்குங்க” என்று ஒருமுறை சொன்னாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

ஆறாம் வாரம், சனிக்கிழமை முற்பகலில், மேல்வீட்டு அக்கா போனும் கையுமாக இறங்கி வந்தாள். அவர் கடைக்குப் போயிருந்தார்.

“இந்த ஆயிரத்து நாப்பத்தெட்டு ஒரு வாரமா என் உயிர எடுக்குது. உங்க வீட்டுக்காரர் என்ன ராட்சசனா? நாலு கல்ல எடுக்கச் சொல்லேன்.”

“அதுலயா? அதுல கல்லே கொஞ்சம்தானேக்கா.”

இருவரும் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே எண். ஒரே பழங்கள். அக்காவின் திரையில் பதினெட்டுக் கற்கள். இவளுடையதில் ஐந்து.

அவர் பையோடு உள்ளே வந்தபோது மனைவி மேசையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா போய்விட்டிருந்தாள்.

“எத்தன பேருக்கு இப்படி அஞ்சு கல்லு போட்டிருக்கீங்க?”

அவர் பையை இறக்கி வைத்தார். “ஒருத்தருக்கு.”

“அஞ்சு வாரமா நான் ஜெயிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்ல?”

“நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்மா…”

“தோத்தா அக்கா தோக்குற எடத்துல நானும் தோத்துட்டுப் போறேன். அதுல என்ன இருக்கு? என்னைத் தனியா ஒரு மூலையில உக்கார வெச்சு ஜெயிக்க வெக்காதீங்க.”

அதற்குப் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. கோட்டைப் பற்றிச் சொன்னார். மார்ச்சு, ஆகஸ்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திக்கொண்டார். மனைவிதான் முடித்தாள்: “ஜனவரில அந்த மூடி வெச்ச கப்பு.” பிறகு இருவரும் வெகுநேரம் காய்கறிகளைப் பையிலிருந்து எடுத்து அடுக்கினார்கள்.

திங்கட்கிழமை ‘வீடு’ குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை பூஜ்யமாயிற்று.

மனைவி பொது லெவல்களை ஆடினாள். ஆயிரத்து ஐம்பத்திரண்டாவதில் நின்றாள். எந்தப் பழத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல் பக்கத்துப் பழத்துக்கு வழுக்கிப் போனது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு நகர்த்தல் வீண். அவர் எதிரே உட்கார்ந்து, தன் கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“நான் வேணா விரலா இருக்கேன். நீ சொல்லு, நான் நகத்தறேன்.”

“அப்ப அது நீங்க ஆடுறது.”

பத்தொன்பது நாள் ஆடினாள். இருபதாம் நாள் போனைக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, யாராவது கூப்பிட்டால் மட்டும் எடுத்தாள்.

முப்பது நாள் விளையாட்டுக்கு வராதவர்களை அலுவலகத்தில் ‘போனவங்க’ என்பார்கள். எந்த லெவலில் எத்தனை பேர் போனார்கள் என்று திங்கட்கிழமை அறிக்கை வரும். அந்தத் திங்கட்கிழமை முதலாளி அறிக்கையை வாசித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

“ஆயிரத்து ஐம்பத்திரண்டுல ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு பேரு போயிருக்காங்க. கட்டம் அண்ணா, ரெண்டு மூணு கல்ல எடுத்துடலாமா?”

எடுத்தால் எல்லோருக்கும்தான் எடுக்கப்படும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. மனைவியும் தாண்டிவிடக்கூடும், தாண்டினால் அது பொய்யாகாது என்றும் வாதிடலாம். அவர் கிராஃபைப் பார்த்தார்.

“அளவு மீறியிருக்காம்மா?”

அவள் வரைபடத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தாள். “இல்லண்ணா. எல்லா லெவல்லயும் போற அளவுதான். சரியாத்தான் இருக்கு.”

“அப்ப இருக்கட்டும் சார்” என்றார்.

இதைப் பெரிய செயல் என்று சொல்ல மாட்டேன். மனைவி கேட்டுக்கொண்டதைச் செய்தார், அவ்வளவே. அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவரை மட்டும் அவருக்குத் தெரியும். மற்றவர்களைத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது கட்டம் போட்ட நோட்டுகள் மூன்றையும் பையில் எடுத்துப் போனார். மருத்துவர் வழக்கம்போல, “எப்படி இருக்கு? கூடியிருக்கா?” என்றார். மனைவி கணவரைத் திரும்பிப் பார்க்காமல், “கூடியிருக்கு டாக்டர்” என்றாள். அவர் நோட்டுகளை மேசையில் வைத்தார்.

என்னவென்று விளக்கியதும் மருத்துவர் நான்காம் பத்தியை விரலால் தடவிக்கொண்டே போனார். அடிக்கப்பட்ட எண்களைத்தான் பார்த்தார். நான்கு, நான்கு. பக்கங்கள் கடந்து ஐந்து, ஏழு. கடைசி நோட்டில் பதினொன்று, பதினான்கு. தேதிகள் வேறு இருந்தன.

“ஒரு வருஷம் முன்னாடியே மாத்திரைய மாத்தியிருக்கணும்” என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. மருந்துச் சீட்டில் எழுதினார். “இப்ப மாத்தறேன். போனது திரும்ப வரும்னு சொல்ல மாட்டேன். இந்த மாதிரி எழுதிக்கிட்டே வாங்க, உபயோகமா இருக்கும்.”

“இப்ப எழுத ஒண்ணும் இல்ல டாக்டர். அவ ஆடறதில்ல.”

மனைவி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பதினான்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பத்தியை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் முறை. எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறாள்.

“கோடு போட்டு வைங்க” என்றாள். “எழுதறதுக்கா ஒண்ணும் கெடைக்காது?”

புதுநோட்டில் அவர் இப்போதும் நான்கு பத்திகள்தான் போடுகிறார். முதல் மூன்றும் அலுவலகத்துக்கு. நான்காவதில், மனைவி தினமும் காலையில் தன் சட்டைப் பித்தான்கள் ஐந்தையும் தானே போட்டு முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுகிறார். அவள் போட்டு முடிக்கும் வரை கையை நீட்டாமல் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. புதிய மாத்திரை தொடங்கியபோது ஆறு இருந்தது. ஒரு மாதத்தில் ஐந்துக்கு வந்தது. நேற்று ஒன்பது. அவர் அதை அடிக்கவில்லை.