யூகலி மரத்தடிக் கோட்டை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், பிறகு பக்கத்தில் நிற்கிறவளிடமும் கொடுத்து ஆட்டச் சொல்வேன். என்னைக் கண்டாலே ரேஷன் கடைக்காரன் தராசைத் துடைத்து வைப்பான். இப்படிப்பட்ட நான், இல்லவே இல்லாத ஒரு நாட்டில் வருஷக்கணக்காகச் சுற்றித் திரிந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குக் காரணம் சுருளியம்மாள்.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருவரும் ஒரே செட்டில் கொழுந்து எடுத்தோம். சுருளியக்கா கம்பத்துப் பக்கம் இருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறியவள். கஞ்சிக்கோட்டில் புதுக் கம்பெனி வருகிறது, வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு இறங்கிப் போன புருஷன் திரும்பி வரவில்லை. போகிறவன் தன்னைப் பெற்றவளையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். கண் தெரியாத அந்தக் கிழவியை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். அவன் போன அன்றே எனக்குச் சந்தேகம்தான். வேலை தேடிப் போகிறவனுக்குப் புதுச் செருப்பு எதற்கு?

எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலையில் இருந்து பேர் வெட்டிவிட்டால் லயத்து வீட்டுச் சாவியை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். சுருளியக்காவுக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் போக்கிடம் கிடையாது. குருட்டு மாமியாரோடு எந்த ஊரில் போய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

ஒரு மழைக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. எழுபத்திரண்டோ எழுபத்து மூன்றோ இருக்கும். தலையில் கம்பளி, இடுப்பில் மழைக்குக் கட்டுகிற படங்கு, காலெல்லாம் அட்டைக்கடி. பக்கத்துத் தேயிலை நிரையில் இருந்து சுருளியக்கா திடுதிப்பென்று கேட்டாள்.

"ஏ சாந்தி, நீ ஒரு பாதையில நிக்கிறே. வலப்பக்கம் காடு. இடப்பக்கம் ஆத்தங்கரை. எங்கிட்டுப் போறே?"

"எங்கிட்டும் போகல. மொதல்ல என்னைய அங்க கொண்டாந்து விட்டது யாரு?" என்றேன்.

"அது தெரியல. நடந்தாத்தான் தெரியும்."

"நடக்கலைன்னா?"

"நில்லு. இருட்டப் போகுது, சொல்லிட்டேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இருட்டில் நிற்க யாருக்குப் பிடிக்கும்? ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு மீன் தலையைத் தூக்கி, "செருப்பைக் கழட்டிட்டு இறங்கு" என்றது. செத்தேன் போ! அன்று சாயங்காலம் கொழுந்து நிறுவைக்குப் போகிறவரை எனக்கு அட்டை கடித்ததே தெரியவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் செட்டு முழுக்க அந்த நாட்டுக்குள் வந்துவிட்டது. ஒருத்தி ஆடு மேய்த்தாள். ஒருத்தி மந்திரியைக் கட்டிக்கொண்டு, பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டும் வந்தாள். ஒச்சம்மாள் இருக்கிறாளே, நிஜத்தில் எலியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிறவள், அங்கே கத்தியோடு அலைந்தாள். அந்த நாட்டு ராணி எல்லாருடைய நிழலையும் திருடிக் கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்தாள். அந்தக் கோட்டைக்குள் புகுந்து நிழலையெல்லாம் அவிழ்த்துவிட வேண்டும் என்பது ஒச்சம்மாளின் சபதம். மூடுபனியில் எங்களுக்கும் நிழல் விழுவதில்லை, அதனால் அந்த ராணிமேல் எங்களுக்கு உண்மையாகவே கோபம் இருந்தது.

ஜெயிப்பது, தோற்பது அதில் கிடையாது. நீ என்ன செய்கிறாய் என்று நீதான் சொல்ல வேண்டும். எதிரே என்ன இருக்கிறது என்று சுருளியக்கா மட்டும்தான் சொல்லலாம். இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான், மாற்றக் கூடாது. மற்றபடி எவளும் எந்தத் திசையிலும் போகலாம். எஸ்டேட் கேட்டைத் தாண்டி மூணாறு போகவே நாங்கள் கங்காணியிடம் பல்லைக் காட்ட வேண்டும். அந்த நாட்டில் தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் அந்த மலைக்கே போகலாம். அந்த நினைப்பில் எனக்குக் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போவதுகூடப் பிடித்துப்போனது.

ஆனால் சந்தேகம் என்னை விடுமா? மலைக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை நான் போய்ச் சேர்ந்த பிறகு இவள் வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறாளா? இதைக் கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டை வாசலில் ஒரு புளியமரம் இருந்தது. அதன் அடியில் என் வாளி ஒன்றைச் சாய்த்துப் போடுகிறேன் என்று ஒருதரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடி அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மழை போய், பனி போய், வெயில் வந்த பிறகு ஒருநாள் திடீரென்று சொன்னேன், "அக்கா, நான் புளியமரத்தடிக்கு வந்திருக்கேன்."

அவள் கை நிற்கவே இல்லை. "உன் வாளி கெடக்கு. துருப்பிடிச்சிருச்சு. உள்ள ஒரு கோழி அடை உக்காந்திருக்கு. கையை விட்டா கொத்தும்."

ஆத்தி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோழியைத் தொந்தரவு செய்யாமல் திரும்பி நடந்தேன்.

"எப்பிடிக்கா மாத்திச் சொல்லாம இருக்கே?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"எங்க அத்தையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்ல? முன்னால கல்லு, இந்தா பள்ளம், இடப்பக்கம் ஓடைன்னு சொல்லிக்கிட்டே போகணும். தப்பாச் சொன்னா கெழவி விழுந்துரும். இருக்கிறதை இருக்கிற எடத்துல சொல்லித்தான் பழக்கம்."

அவள் தன் நாட்டை வைத்திருந்த இடமும் அப்படித்தான். எந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்தாலும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு யூகலிப்டஸ் தோப்பு, எங்கள் வாயில் யூகலித் தோப்பு, தெரியும். கோட்டை அங்கே, அதற்குக் கீழே ஆறு, வலதுபுறப் பாறையில் ராட்சசன் தூங்குகிறான் என்று மோவாயால் காட்டுவாள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தத் தோப்புக்கு முன்னால் எஸ்டேட் ஸ்டோர் கட்டடம் நின்றதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. எங்களுக்குத்தான் கோட்டை தெரிகிறதே!

எமர்ஜென்சி வந்த வருஷம், மழைக்கு எங்களுக்குக் கொடுக்க வந்திருந்த கம்பளிக்கட்டுகள் ஸ்டோரில் இருந்து களவு போயின. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஏன் என்று கேட்கிற காலம் அது. லயத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதற்கே பயந்தோம். எவள் வீட்டுக் கொடியில் புதுத்துணி காய்ந்தாலும் மற்றவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான் எல்லார் வீட்டையும் பார்த்தேன், ஒளிப்பானேன்?

எங்கள் கங்காணி பிச்சைமணி மட்டும் அந்த வாரம் எங்கள் நிரைக்குப் பின்னாலேயே நின்றான். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒச்சம்மாள் அப்போது உச்சத்தில் இருந்தாள். "வடக்கு வாசல் சாவி ஏங்கிட்ட இருக்கு. காவக்காரனுக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு. நாளைக்கு உள்ள பூந்துருவோம். சுருளியக்கா, எல்லாம் நீ சொன்ன மாதிரிதானே?" என்று வாய் கிழியக் கத்தினாள். படுபாவி, மெதுவாகவாவது பேசியிருக்கலாம்.

மறுநாள் எங்களை ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தினார்கள். சுருளியக்காவை மட்டும் முதலிலேயே உள்ளே கொண்டுபோய் மூலையில் நிற்க வைத்து, கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மானேஜர் தொரை. எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். என்னைக் கடைசியில் வைத்தான் பிச்சைமணி. என் வாய்க்கு அவனுக்குப் பயம்.

உள்ளே போய் வந்தவள் எல்லாம் சிரித்த முகமாக வந்தாள். "கோட்டை எங்கேன்னு கேட்டாரு. சன்னல் வழியாக் கையைக் காட்டினேன். வாசல் எத்தனை, காவல் எத்தனை பேர் எல்லாம் உள்ளபடி சொல்லிட்டேன்" என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் அதையே சொன்னாள். ஒச்சம்மாள் ஒருபடி மேலே போய், "சாவி ஏங்கிட்டதான் இருக்குன்னும் சொன்னேன்" என்றாள்.

வராந்தாவில் இருந்து எட்டி ஜன்னலைப் பார்த்தேன். நேர் எதிரே யூகலித் தோப்பு, தோப்புக்கு முன்னால் ஸ்டோர். அடக் கூறுகெட்டவளுகளா, எல்லாரும் ஒரே இடத்தை அல்லவா காட்டியிருக்கிறீர்கள்!

நான் உள்ளே போனேன். மூலையில் நின்ற சுருளியக்காவின் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அத்தனை பேர் வாயில் இருந்தும் தன் நாடு ஒரு கல் பிசகாமல் வந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் பாவி.

தொரை மலையாளத்துக்காரர். "கள்ளம் பறையாதே. இல்லாத கோட்டைன்னா எல்லாரும் எப்படி ஒரே எடத்தைக் காட்டும்? விளையாட்டுன்னு சொன்னா நான் நம்பணுமா? இவதான் எல்லாத்துக்கும் தலைவி. பேர் வெட்டி போலீஸ்ல குடுக்கப் போறேன். நீ சொல்லு, கோட்டை எங்கே?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வாளியைப் போட்டுச் சோதித்தவள் நான். மாறாமல் இருக்கிறதா என்று துருவித் துருவி அந்த நாட்டை இறுக்கியவள் நான். அந்த இறுக்கம்தான் இப்போது அவள் கழுத்தில் விழுந்திருந்தது. கிழவியோடு அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பது என் கண் முன்னால் வந்தது.

"கோட்டையா? எந்தக் கோட்டை தொரை? அங்க இருக்கிறது கடலுல்ல!" என்றேன்.

சுருளியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கடலா?" என்றார் தொரை.

"ஆமா, கடல். இவ இன்னிக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்ல மாட்டா. புளுகிணி. வாய்க்கு வந்ததை அடிச்சுவிடுவா. இவளுக அதைப் போய் வேதவாக்கா எடுத்துக்கிட்டாளுக."

அவ்வளவுதான், வராந்தாவில் இருந்து ஒச்சம்மாள் பாய்ந்து உள்ளே வந்தாள். "எவடி கடல்ங்கிறவ? கோட்டை! கல்லுக் கோட்டை! நான் வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன்!"

"நீ போனது மாட்டுக் கொட்டகை. மூடு."

"கடல்ல எப்பிடிடி புளியமரம் மொளைக்கும்?"

"ஓங் கோட்டையில எப்பிடிடி நெழலைப் பூட்டுவாங்க?"

அவள் என் கொண்டையைப் பிடித்தாள், நான் அவள் கம்பளியைப் பிடித்தேன். அவள் நடிக்கவில்லை, சத்தியமாகவே அடித்தாள். மற்றவளுகளும் கதவில் நெருக்கியடித்துக்கொண்டு கோட்டை என்றும் கடல் என்றும் கூச்சல் போட்டார்கள். தொரை மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மூலைப் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. கோட்டையா, கடலா?"

சுருளியக்கா ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கடல்தான் தொரை."

"எப்ப இருந்து?"

"இவ சொன்னதுல இருந்து."

தொரை அவளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "இந்தக் கூட்டமா ஸ்டோரைக் கொள்ளையடிக்கும்? சாவியைக் குடுத்தாலும் கதவைக் கண்டுபிடிக்காது. பிச்சைமணி, எல்லாரையும் வேலைக்கு விடு."

"நடிக்கிறாளுக தொரை..." என்று இழுத்தான் பிச்சைமணி. தொரை கையை ஆட்டி அவனையும் போகச் சொன்னார். கம்பளி கடைசிவரை கிடைக்கவில்லை. மறையூரில் பிச்சைமணியின் மச்சான் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் எல்லாரும் நல்ல கனமான கம்பளியாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்.

சுருளியக்காவின் பேர் வெட்டுப்படவில்லை. கிழவி அதே அறையில் அதே மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தாள். ஆனால் எங்கள் நிரை செத்துப்போனது. ஒருத்தியும் அந்த நாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஒச்சம்மாள் என்னைப் பார்த்தால் காறித் துப்பினாள். சுருளியக்கா என் பக்கத்து நிரையிலேயே நின்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் புளுகிணி என்று நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாளோ என்ற சந்தேகம் என்னை அரித்தது. நான் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் ஒருநாளும் எனக்கு இப்படி வலித்ததில்லை.

மழை விட்டு வெளுத்த ஒரு காலையில் தோப்புப் பக்கம் பனிமஞ்சு இறங்கி, மரத்தின் தலைகள் மட்டும் தெரிந்தன. சுருளியக்கா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"ஏ சாந்தி. நீ கரையில நிக்கிறே. கோட்டை இருந்த எடம் பூராம் தண்ணி. ராணியும் இல்ல. நெழலெல்லாம் அவுந்து மேல மெதக்குது, அவுகவுக வந்து எடுத்துக்கிறாக."

"ஏங் கையில சாவி இருந்துச்சே!" என்று பின்னால் இருந்து அழுகிற குரலில் கேட்டாள் ஒச்சம்மாள்.

"இன்னும் இருக்கு. பத்திரமா வச்சுக்க" என்றாள் சுருளியக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தூரத்துல ஒண்ணு ஆடி ஆடி வருது. ஓன் வாளி."

அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோழி?"

"உள்ளதான் உக்காந்திருக்கு. நனையல."

நான் படங்கை இழுத்துச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினேன்.