பூஜ்யம் விழுந்த வாரம்

பேச்சு வராத அந்த நாற்பது வயதுக்காரர் நாளுக்கு முப்பது தடவை அலறுவார். அலறினால் யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது, வாயை மூடியிருந்தால் ஒரு பிஸ்கட் என்று திட்டம் போட்டுக் கொடுத்தாள் அவருடைய நடத்தையைச் சீர்படுத்த வீட்டுக்கு வந்துபோகும் பயிற்சிக்காரி. அலறலையெல்லாம் அட்டவணையில் எண்ணிக் குறித்தவள், 'எதற்காக' என்ற கட்டத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். ஆறாவது வாரம் பூஜ்யம் விழுந்தது.

"அண்ணன் இருக்கிற இடமே தெரியலைங்க," என்று பூரித்துப்போனாள் அவருடைய தங்கை. "இப்பகூட கிச்சன்லதான் இருக்கார். மூச்சு விடலை பாருங்க."

பயிற்சிக்காரி அட்டவணையை மூடிவைத்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. அவருடைய இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. கண்ணீர் வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பிஸ்கட்டுக்காக அவளிடம் நீட்டினார்.