ஐயாவும் சீனவெடியும்

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்போம். அவர் முதலாம் உலக யுத்தத்துக்குப் போய் வந்தவர். அங்கே என்ன நடந்ததென்று ஒருநாளும் சொன்னதில்லை. வந்து கலியாணம் முடித்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, 1950களில் புளியங்குளத்துக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழ் கிடைத்த வயலுக்கு எங்களைக் கொண்டுவந்தார்.

அங்கே யானையோ பன்றியோ வயலில் இறங்கினால் எல்லோரும் சீனவெடி கொளுத்தித்தான் கலைப்பார்கள். ஐயா தகரம் தட்டினார். பக்கத்து வயலில் வெடி கேட்டால், அறுபது வயது மனிதர், வரம்போரம் குந்திக் காதைப் பொத்திக்கொள்வார். "பட்டாளத்தார் பதுங்கிறார்" என்று சனம் சிரித்தது. வெட்கத்தை மறைக்க நானும் சேர்ந்து சிரித்தேன்.

"சிரியாதை. அந்த மனுசன் கண்டதை நீ காணேல்லை" என்றா அம்மா. நான் கேட்கவில்லை.

1960களில் ஐயா செத்தபோது, சிரித்த அதே ஆட்கள் முற்றத்தில் கூடினார்கள். "யுத்தத்துக்குப் போன மனுசன். வெடியில்லாமல் கொண்டுபோகேலாது" என்றார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டு நான்தான் வவுனியாவுக்குச் சைக்கிளில் போய் வெடி வாங்கி வந்தேன். வீட்டு வாசல் படலையிலிருந்து சுடலை வரைக்கும் நிறுத்தாமல் கொளுத்தினேன். நல்ல மரியாதையாம், எல்லோரும் சொன்னார்கள்.

அன்றைக்கு ஐயா காதைப் பொத்தவில்லை. வழக்கப்படி அவருடைய இரண்டு கைப் பெருவிரல்களையும் காலையிலேயே நான் சேர்த்துக் கட்டியிருந்தேன்.