வேலூருக்குப் பல் பதிக்கப் போனதும் நான் மறைத்த மாத்திரையும்

2008 ஜனவரியில், மூன்று பற்கள் பதித்துக்கொள்ள மலேசியாவின் ஈப்போவிலிருந்து வேலூருக்குப் போனேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பற்களை இழந்திருந்தேன். செப்டம்பரில் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் கேட்டதில் பாதிகூட இல்லை, ஒரு பல்லுக்கு 22,000 ரூபாய்தான் என்று வேலூர் பல் மருத்துவமனை ஒன்று மின்னஞ்சல் அனுப்பியது. இப்படிக் கிளம்ப நினைப்பவர்கள் நான் செய்த தப்பைச் செய்துவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில், தினமும் சாப்பிடும் மருந்துகள் என்னென்ன என்று ஒரு கேள்வி. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சொன்னால் வர வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். 'இல்லை' என்று எழுதினேன். மனைவியிடம் மட்டும், எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் 130 கிலோமீட்டர். டாக்சிக்கு 2,100 ரூபாய், மூன்று மணி நேரம். காவேரிப்பாக்கம் ஏரியைத் தாண்டி ராணிப்பேட்டை நெருங்கியதும் ஒரு நாற்றம் தொண்டையில் இறங்கியது. தோல் பதனிடும் தோல் ஷாப்பு வாசனை என்றார் ஓட்டுநர் அன்வர்.

"பல்லுக்கா சார் இவ்ளோ தூரம்? தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

"ஏதாச்சும் ஒண்ணு ஆய்ட்டா பேஜாரு சார். கூட யாரனா இருக்கணும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறுவை. ஏழு மணிக்கு லாட்ஜில் சவரம் செய்யும்போது தாடையில் சிறிய கீறல். பஞ்சு வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் சாய்த்தார்கள். தட்டில் துளைக்கும் ஊசிகள் வரிசையாக இருந்தன. எலும்பு வரைக்கும் போகும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் கிரேஸ் குனிந்து பார்த்தார்.

"இது எப்ப வெட்னது சார்?"

"ஏழு மணிக்கு."

"ரெண்டரை மணி நேரமாச்சே, இன்னும் கசியுது! மாத்திரை இன்னாச்சும் சாப்பிட்றீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பிற்பகல் முடிவு வந்தது. "ரத்தம் உறைய எடுக்கற நேரத்தோட கணக்கு மூணுக்குள்ள இருக்க வேண்டியது, உங்களுக்கு அஞ்சு கிட்ட இருக்கு. மூணு எடத்துல எலும்பத் தொளைச்சிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தொலைபேசிக் கடையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன். "எழுதிட்டேன்னு சொன்னீங்களே" என்றாள். அதற்கு மேல் அழுகைச் சத்தம்தான்.

ஈப்போவில் என்னைப் பார்க்கும் இதய மருத்துவர் பேக்ஸில் மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். ஐந்து நாள் காத்திருந்தேன். ஒருநாள் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் ஆம்பூர் போய், பிரியாணிக் கடை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். கறி எலும்பு ஈறில் குத்தினால் என்ன ஆகும் என்ற பயம். ஆறாம் நாள் பரிசோதனை சரியாக வந்தது, எலும்பில் திருகுகளைப் பதித்தார்கள். அவற்றின் மேல் பற்களை மாட்ட ஜூலையில் இன்னொரு பயணம். அப்போது மனைவியும் வந்தாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும் ஒன்றுவிடாமல் முன்கூட்டியே எழுதுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். நான் மாற்ற 300 ரிங்கிட் கட்டினேன். துணையோடு போங்கள்.

பதித்த அன்று, ரத்தம் நிற்கும் வரை ஒரு மணி நேரம் கிரேஸ் சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். "பயமா இருக்கா சார்?" என்று கேட்டார். வாயில் பஞ்சு. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இத்தனை நாளில் என் பயத்தை மறைக்காமல் நான் சொன்ன முதல் பதில் அதுதான்.